பனிக்காட்சிக் கட்டணம் தொடர்பாக

பெறுநர்: பொது மேலாளர், மலைமேல் உள்ள மாளிகை விடுதி (பெயர் எதற்கு, படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்), சிம்லா.

அனுப்புநர்: டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரன், கழக்கூட்டம், திருவனந்தபுரம்.

ஐயா,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல். தங்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அறிய அதைவிட ஆவல்.

கழக்கூட்டத்தில் குளிர் என்றால் அது அலுவலக ஏசிதான். அங்கே போடுகிற ஸ்வெட்டரையே நம்பி, அம்மா, மனைவி, மகனுடன் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினேன். டெல்லிக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிறகு கல்காவிலிருந்து, 1903-இல் ஓடத் தொடங்கிய குட்டி ரயில். 96 கிலோமீட்டரில் 102 சுரங்கங்கள்; ஒவ்வொன்றிலும் என் மகன் கூவினான். கடைசிச் சுரங்கத்தின் எண் மட்டும் 103. ஒன்று கணக்கில் இருக்கும், கண்ணில் இருக்காது. உங்கள் விடுதிக்கான முன்னோட்டம் அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பனிக்காட்சி அறை என்று தனிக்கட்டணம் வாங்கினீர்கள். நியாயம்தான், பனி பெய்தது. முதல் அரை மணி நேரம் நாங்கள் நால்வரும் வாய் பிளந்து நின்றோம். அதற்கு எந்தக் குறையும் சொல்லமாட்டேன். தமிழில் முன்பனி, பின்பனி என்று பனிக்கே இரண்டு பருவங்கள் உண்டு. மார்கழி தொடங்கிப் பங்குனி வரை நான்கு மாதம். அவற்றில் எதற்கும் மண்வெட்டி தேவைப்பட்டதில்லை.

மறுநாள் விடியலில் குழாய் உறைந்தது. அம்மா போர்வைக்குள்ளிருந்து, "மக்களே, பல்லு தேய்க்க ஒரு செம்பு வெந்நி கிடைக்குமா?" என்றார். வரவேற்பறையில் கேட்டேன். விதிமுறைத் தாளைத் திருப்பிக் காட்டினார்கள்: பனியால் நேரும் தடங்கல்கள் கடவுள் செயல், விடுதி பொறுப்பல்ல. 'எல்லாம் அவன் செயல்' என்பதை ஆட்டோக்களின் முதுகில்தான் படித்திருக்கிறேன். விடுதிச் சட்டத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். ஆக, சன்னலுக்கு வெளியே விழுந்தால் பனி உங்களுடையது, குழாய்க்குள் புகுந்தால் கடவுளுடையது. பாகப்பிரிவினையை யார் செய்து கொடுத்தார்கள்?

இதைக்கூட மன்னிப்பேன். அறையில் வைத்திருந்த வழவழத் தாளில் 'வைஸ்ராய்களைப் போல் பனிக்காலம்' என்று அச்சடித்திருந்தீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பாதை மூடிய இரண்டு நாளும் வேறு வேலையில்லாமல் யோசித்தேன். 1864-இல் ஆங்கிலேயர் சிம்லாவைக் கோடைகாலத் தலைநகர் ஆக்கினார்கள். கோடைகாலம், ஐயா. வெயில் ஏறும்போது கோப்புகளைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள், குளிர் நெருங்கும்போது அதே கோப்புகளோடு கல்கத்தாவுக்கு இறங்கிவிடுவார்கள். வைஸ்ராய் மாளிகையைக் கட்டிய ஹென்றி இர்வின் எங்களுக்கு அந்நியரல்ல, சென்னை உயர்நீதிமன்றத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. அந்த மாளிகையில் டஃபரின் பிரபு குடியேறியது 1888 ஜூலையில். டிசம்பரில் அல்ல. பனியில் நடுங்க வேண்டாம் என்கிற அளவு புத்தி அவர்களுக்கு இருந்தது.

அப்படியென்றால் பனிக்காலத்தில் பூட்டிய வீடுகளோடு அங்கே இருந்தது யார்? காவல்காரரும் சுமைகூலியும் கடைக்காரரும். நான் மூன்று இரவு வாழ்ந்தது அவர்களுடைய பனிக்காலம். வாடகை மட்டும் வைஸ்ராயுடையது.

சொல்லப்போனால், அந்தப் பரம்பரைதான் எங்களைக் காப்பாற்றியது. உங்கள் இரவுக் காவலாளி பின்கட்டில் பனியை வாளியில் அள்ளி, அடுப்பில் வைத்து உருக்கி, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தார். அம்மா அவர் தலையில் கை வைத்து வாழ்த்தினார், நல்ல நாஞ்சில் தமிழில். அவருக்குப் புரிந்தது. பில்லில் வராத ஒரே பொருள் அந்த வாளி வெந்நீர்தான்.

எனவே பனிக்காட்சிக் கட்டணத்தைத் திருப்பி அனுப்பவும். எனக்கல்ல, அந்தக் காவலாளிக்கு.

இயலாது என்றால், ஏப்ரலில் குடும்பத்தோடு கழக்கூட்டம் வாருங்கள். எங்கள் மாடியில், மேற்குப் பக்கம், ஓட்டுக்கு நேர்கீழே ஓர் அறை இருக்கிறது. வெயில்காட்சி அறை. தனிக்கட்டணம் உண்டு. உங்களைப்போல் மழுப்பமாட்டோம், வெயிலுக்கு உத்தரவாதமே தருகிறோம். நடுவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றால் மட்டும், அது கடவுள் செயல்.

இப்படிக்கு,
இன்னும் மங்கி கேப்பைக் கழற்றாத வாடிக்கையாளன்