கருணை காய்க்காது

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குக் கவாத்து கைவராது என்றால், கடலோரத்துக்காரனுக்கு நீச்சல் தெரியாது என்பது மாதிரி. இங்கே பன்னீர்த் திராட்சைக் கொடியைக் கழித்துக் கழித்தே இரண்டு வருஷத்தில் ஐந்து வெள்ளாமை எடுத்துவிடுகிறார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. தின்றவன் என்ற முறையில்.

தேனியில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் ஒரு மாதுளை. அதைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. அடியில் கிளம்பும் வேர்க்கன்றுகள் சத்தைக் குடித்துவிட்டுச் சும்மா நிற்கும். அவற்றை எடுத்துவிட வேண்டும். மூன்று நான்கு தண்டு போதும். காய்ந்தது, உரசுவது, உள்நோக்கி வளர்வது எல்லாம் போனால் நடுவில் வெயில் இறங்கும். அதற்காக நுனிகளை ஒரே மட்டமாகச் சீவிவிடக் கூடாது. முதிர்ந்த கிளையின் குட்டைச் சிம்புகளில்தான் பூ பிடிக்கும். இதையெல்லாம் மாடிக்கு வந்த கேபிள்காரருக்குக்கூட விளக்கியிருக்கிறேன்.

கத்தரியைக் கையில் எடுத்தால்தான் வம்பு. எந்தக் கிளையைத் தொட்டாலும் அதில் ஒரு நல்ல குணம் தெரியும். 'பாவம், இப்பத்தான் துளிர்க்குது.' இப்படி இரக்கப்பட்டே மரம் புதராகி, அணில் குடியேறிவிட்டது. வாடகை கேட்கவும் மனசில்லை.

பூ உதிர்ந்தாலும் எனக்குத் துக்கம்தான்.

"அடி ஒடுங்கினதெல்லாம் ஆம்பளப் பூங்க, உதிரத்தான் செய்யும். அடி பருத்ததுதான் காய்க்கும்" என்றாள் மனைவி. "பாக்கப் பகட்டு, பலன் கெடையாது" என்று சொல்லும்போது மட்டும் பூவை விட்டுவிட்டு என்னை ஏன் பார்த்தாள் என்று விளங்கவில்லை.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மச்சினன் ஒருநாள் வந்தான்.

"மச்சான், இது செடியா, வேலியா?"

கேட்டுக்கொண்டே வெட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு கிளைக்கும் நான் ஜாமீன் கேட்டேன்.

"விடு மாப்ளே, அது ஒண்ணும் பண்ணல."

"அதுக்குத்தான் வெட்டுறேன்!"

கிளம்பும்போது, "காய் பிடிச்ச பெறகு தண்ணிய ஒரே சீரா ஊத்துங்க. காயப்போட்டுட்டு ஒரேயடியா ஊத்தினா பழம் வெடிச்சிரும்" என்றான்.

அதன்படியே செய்தாள் மனைவி. ஐந்தாறு மாதத்தில் பழுத்தது. விளைவித்தவன் என்று பழத்தோடு படம் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அன்று வெட்டிய குச்சிகளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. முதிர்ந்த மாதுளைக் குச்சி மண்ணில் ஊன்றினால் வேர்விடும். விட்டது. வாளி, பெயின்ட் டப்பா, பழைய குக்கர் என்று மாடி முழுக்க இப்போது மாதுளை.

அடுத்த கவாத்து செடிக்கு இல்லை என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.