பேராண்டி, அந்தத் திருப்புளியக் கீழ வை!

மைக்ரோவேவ் ரிப்பேராயிருச்சு, நானே பிரிச்சுப் பாக்கப்போறேன்னு சொன்னியாமே? ஒங்க ஆச்சி போன வச்சதும் ஓடிவந்து சொன்னா. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. போன பொங்கலுக்கு ஃபேன் ரெகுலேட்டரச் சரிபண்றேன்னு ஸ்டூல்ல ஏறி, ரெகுலேட்டரத் திருகினா வாசல் பெல் அடிக்கும்படி ஆக்கிட்டு எறங்கின கையாச்சே அது, சும்மா இருக்குமா? தாராளமாப் பிரி. பிரிக்கிறதுக்கு முந்தி இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டியாச்சா, நாமினியா எம் பேத்தி பேரு இருக்கான்னு மட்டும் ஒரு தடவ பாத்துக்கோ.

"செத்துப்போச்சு"ன்னு மட்டும் சொன்னியாம். அதெல்லாம் ஒரு கம்ப்ளைன்ட்டாலே? கோவில்பட்டியில மோட்டாருக்குக் காயில் கட்டிக்கிட்டிருந்த காலத்துல, என் கடைக்கு மோட்டாரத் தூக்கிட்டு வந்த சம்சாரி ஒருத்தனும் செத்துப்போச்சுன்னு சொன்னதில்ல. "உறுமுது, ஆனாச் சுத்தல", "சுத்துது, தண்ணி எடுக்கல", "கருகுன வாடை வருது"ன்னு வெவரமாச் சொல்லுவான். பாதி ரிப்பேரு அவன் பேச்சுலயே முடிஞ்சிரும். மூணு ஷிஃப்டுல கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்குற ஒனக்கு, அடுப்படியில நிக்கிற பெட்டிக்கு என்ன நோவுன்னு கேக்கத் தெரியல.

சரி, நானே கேக்கேன். கடிகாரமாவது எரியுதா? அதுவும் எரியலன்னா பெட்டிய விட்டுட்டு, அதே பிளக் பாயின்ட்டுல இஸ்திரிப் பெட்டியச் சொருகிப் பாரு. அதுவும் சூடாகலன்னா மைக்ரோவேவு மேல என்ன குத்தம்? பெட்டியில 800 வாட்டுன்னு போட்டிருக்கும். அது சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ற கணக்கு. சொவத்துல இருந்து அது உறிஞ்சுறது 1200 வாட்டுக்கு மேல. ஒங்க வீட்டுல என்னடான்னா ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல மைக்ரோவேவு, கெட்டில், மிக்ஸி, இதுக்கு நடுவுல ஒம் போன் சார்ஜரு. அந்த பாக்ஸக் கழட்டிப் பாரு, பித்தளைக் காலு கறுத்து, பிளாஸ்டிக்கு எளகியிருக்கும். பெரிய மூணு பின் பாயின்ட்டுல நேராச் சொருகு.

கடிகாரம் ஓடுது, பட்டனுக்கு மட்டும் மசிய மாட்டேங்குதா? அப்ப என் கொள்ளுப்பேரன் சைல்டு லாக்க அமுக்கியிருப்பான். பிள்ளைக தொடக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் வச்ச பூட்டு. பிள்ள பூட்டிட்டான், அப்பன் தொறக்கத் தெரியாம மெக்கானிக்கத் தேடுறான். குறிப்பிட்ட பட்டனக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சாத் தொறந்துக்கும். எந்தப் பட்டன்னு கூட வந்த புஸ்தகத்துல போட்டிருக்கும். அந்தப் புஸ்தகத்த எங்க வச்சீகன்னு நான் கேக்கல. குடும்பத்துல எதுக்குச் சண்ட?

ஓடிக்கிட்டிருக்கும்போதே பாதியில நின்னு, அரை மணி கழிச்சு ஒண்ணுமே நடக்காத கணக்கா மறுபடி ஓடுதா? எம் பேத்தி அது மேல பூப்போட்ட துணிய விரிச்சு, ஊறுகாய் பாட்டிலு, பிஸ்கட் டப்பா, பிள்ளையாருன்னு அடுக்கியிருந்தத நானே பாத்தேன். காத்துப் போக வச்ச ஓட்டையெல்லாம் அடைஞ்சுபோச்சு. உள்ள சூடு ஏறினா நிறுத்திவிடுறதுக்குன்னே ஒரு கட்டவுட் இருக்கு. அது தன் வேலையச் செய்யுது. பிள்ளையார அலமாரிக்கு மாத்தி, சொவத்துல இருந்து பெட்டியச் சாணளவு தள்ளி வை.

தட்டு சுத்தலன்னா அதுவும் வீட்டு வைத்தியந்தான். கண்ணாடித் தட்டத் தூக்கினா அடியில உருளை வச்ச வளையம் கெடக்கும். தீவாளிக்குச் சிந்தின பாயாசம் அதுல காஞ்சு கல்லாகியிருக்கும். கழுவி, தட்டோட அடிப்பள்ளம் நடுக்குமிழ்ல சரியா உக்காருதான்னு பாத்து வை. தட்டு சுத்தாட்டி என்ன குடிமுழுகிப் போச்சுன்னு கேப்ப. வளையத்தையும் குமிழையும் எடுத்துட்டு, தட்டச் சுத்தாதபடிக்குத் தரையோட வச்சு, பச்ச அப்பளத்த அது மேல நெருக்கிப் பரப்பி அரை நிமிஷம் ஓட்டிப் பாரு. ஒரு எடத்துல பொரிஞ்சு பூத்திருக்கும். நாலு விரக்கடை தள்ளி அப்படியே பச்சையாக் கெடக்கும். இந்தப் பெட்டி ஓடுறது 2450 மெகாஹெர்ட்ஸு. அந்த அலையோட நீளம் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அது உள்ள மோதித் திரும்பி நிக்கிறப்ப, ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்கு ஒரு எடம் சூடு, நடுவுல குளிரு. அதுக்குத்தான் தட்டு சுத்துது. இட்லியில ஒரு ஓரம் நாக்கச் சுட்டு, மறு ஓரம் ஐஸா இருந்ததுக்கு எம் பேத்தியத் திட்டினியே, மோட்டாரத் திட்டியிருக்கணும்.

அடுத்தது பொறி. இதுக்குத்தான் முக்காவாசிப் பேரு பயந்து பெட்டியத் தெருவுல வைக்கிறது. எவர்சில்வர் கரண்டியோ, தங்கக்கோடு போட்ட கல்யாணக் கப்போ உள்ள போயிருந்தா எடுத்துரு, கதை முடிஞ்சது. அது இல்லாமலே பொறி பறந்தா, உள்ள பக்கச் சொவத்தப் பாரு. பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும். மங்கின வெள்ளி நெறத்துல ஒரு மெல்லிசுத் தகடு. அட்டைன்னு நெனச்சுருவ. அது மைக்கா, நம்ம காக்காப்பொன்னு. அதுக்குப் பின்னால இருந்துதான் அலை உள்ள வருது. தாளிச்ச எண்ணெயும் சாம்பாரும் தெறிச்சு அதுல படிஞ்சு, கருகிக் கரியாகும். கரியில மின்சாரம் ஓடும், ஓடின எடத்துல பொறி கெளம்பும், கடைசியில மைக்காவுல ஓட்ட விழும். பிளக்கப் புடுங்கிட்டு, தகடு நிக்கிற ஒத்தத் திருகாணியையோ கொக்கியையோ கழட்டு. ரிச்சி தெருவுல மைக்கா ஷீட்டு கேளு, சினிமாவுக்குப் போற காசுல கால்வாசி ஆகாது. பழசப் புதுசு மேல வச்சுப் பென்சிலால வரைஞ்சு, கத்தரிக்கோலால வெட்டி மாட்டு. பின்னாடி பிசுக்கு இருந்தா மொதல்ல தொடைச்சுரு. ஓட்ட விழுந்ததத் தூக்கி எறிஞ்சுட்டு, மைக்கா இல்லாமலே ஓட்டுற புத்திசாலிகளும் இருக்காக. பிசுக்கு நேரா, அந்த அலைய உண்டாக்குற மேக்னட்ரான் மூக்குல போய் ஒட்டி, அதோட தொப்பியும் கருகும். அப்பறம் சினிமாக் காசுல முடியாது.

இம்புட்டு வரைக்கும் ஒன் ராஜ்ஜியம். இனி உறைக்குப் பின்னால, அது மெக்கானிக்கு ராஜ்ஜியம்.

பெட்டி ஓடுது, லைட்டு எரியுது, தட்டு சுத்துது, சோறு மட்டும் சூடாகல. கண்ணாடி டம்ளர்ல தண்ணி வச்சு ரெண்டு நிமிஷம் ஓட்டு. எவர்சில்வர் டம்ளர வச்சுறாத, மேல சொன்ன பொறி மறுபடி வரும். தண்ணி பச்சத்தண்ணியாவே இருந்தா, கோளாறு டிரான்ஸ்ஃபார்மரு, டயோடு, கெப்பாசிட்டரு, மேக்னட்ரான் இதுக ஒண்ணுல இருக்கலாம், கதவுச் சுவிட்சாவும் இருக்கலாம். வழக்கத்துக்கு மீறி உறுமினா டயோடோ கெப்பாசிட்டரோ ஷார்ட்டாகியிருக்க வாய்ப்பு உண்டு. இதச் சொன்னதும் ஒன் கை திருப்புளியத் தேடுது பாரு.

வீட்டுக்கு வர்ற 230 வோல்ட்ட அந்த டிரான்ஸ்ஃபார்மரு 2000 வோல்ட்டு அளவுக்கு ஏத்தும். கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அத 4000 கிட்டக் கொண்டுபோகும். அந்தக் கெப்பாசிட்டரு, பிளக்கப் புடுங்கின பெறகும், பழைய சண்டைய முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கிற சம்பந்தியம்மா மாதிரி சார்ஜ விடாம வச்சிருக்கும். மெதுவா வடியட்டும்னு உள்ள ரெசிஸ்டர் வச்சிருப்பான். அது அறுந்துபோயிருந்தா வெளிய இருந்து ஒனக்குத் தெரியாது. காயில் கட்டிக் காலத்த ஓட்டின எனக்கே கெப்பாசிட்டருன்னா ரெண்டடி தள்ளித்தான் நிக்கணும். டிவி, கம்ப்யூட்டருன்னு நீ பிரிச்சுப் பழகின எதுலயும் இம்புட்டு வேகமும் இம்புட்டு சக்தியும் ஒண்ணாச் சேர்ந்திருக்காது. வெவரமான மெக்கானிக்கு மொதல்ல அந்த சார்ஜ எறக்கிட்டுத்தான் அடுத்த திருகாணியத் தொடுவாரு. எறக்காம நேரா உள்ள கை விட்டா, அந்த ஆளையே மாத்து.

பெர்சி ஸ்பென்சருன்னு அமெரிக்காக்காரன், பள்ளிக்கூடப் படிப்பக்கூட முடிக்காதவன், அவனே இந்த அடுப்பக் கண்டுபிடிக்கலையான்னு கேப்ப. வாஸ்தவந்தான். 1945ல ரேதியான் கம்பெனியில ரேடார் மேக்னட்ரான் பக்கத்துல நின்னப்ப, சட்டப்பையில இருந்த மிட்டாய்க்கட்டி உருகிருச்சு. ஆனா அவன் அதுக்கு முந்தியே அந்த மேக்னட்ரானத் தொழிற்சாலையில மலமலயாச் செய்யவச்ச ஆளு. பெட்டியப் பிரிக்கிறதுக்கு நீ பாத்தது பத்து நிமிஷ வீடியோ, அதுலயும் நடுவுல விளம்பரம். அவுக 1947ல கொண்டுவந்த மொத அடுப்பு ஆள் ஒசரம், 340 கிலோ எடை. அது நம்ம வீட்டுல இருந்திருந்தா, நகத்திப் பாக்கவே ஆள் புடிக்கணும்னு நீயும் பேசாம இருந்திருப்ப.

ஒரு கோளாறு நல்லா ஆள ஏமாத்தும். கதவத் தொறக்கையிலயோ சாத்தையிலயோ டப்புன்னு பெட்டி அடங்கிரும். கதவுக்குள்ள சாதாரணமா மூணு சுவிட்ச்சு. ரெண்டு, கதவு சாத்தினாத்தான் கரண்ட விடும். மூணாவதுக்கு வேற வேல: கதவு தொறந்த பெறகும் மொதல்ல சொன்ன சுவிட்ச்சு ஒட்டிக்கிட்டு நின்னா, வேணும்னே ஷார்ட்டாக்கி ஃபியூஸ எரிச்சுரும். அடுப்பு எரியறப்ப நீ தலைய உள்ள விட்டுறக் கூடாதுங்கிறதுக்குத்தான் இந்த ஏற்பாடு. நம்மாளு என்ன செய்வான்? ஃபியூஸு போச்சேன்னு ஒரு இழை செம்புக்கம்பியச் சுத்துவான். சுவிட்ச்சு மக்கர் பண்ணுதுன்னு வயர நேராச் சேத்துருவான். அது காவக்காரனக் கட்டிப்போடுற வேல. கதவுச் சுவிட்ச்சு, ஃபியூஸு ரெண்டும் மெக்கானிக்குக்கு. கதவு கோணினாலோ, கீல் ஒடிஞ்சாலோ, கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற சல்லடைத் தகடு கிழிஞ்சாலோ சரியாகுறவரைக்கும் ஓட்டாத. சல்லடை நல்லா இருந்தா முன்னால நின்னு வேடிக்கையும் பாக்கலாம். அந்த ஓட்டை வழியா 12 சென்டிமீட்டர் அலை வெளிய வராது.

மெக்கானிக்கு வந்து மேக்னட்ரான் போச்சுன்னா, பெட்டி ரொம்பப் பழசாயிருந்தா புதுசுக்குப் போயிரு. வாரன்ட்டி அட்டைய மட்டும் ஒரு தடவ எடுத்துப் பாரு, மேக்னட்ரானுக்குத் தனிக் கணக்கு போட்டிருந்தாலும் போட்டிருக்கும். பழச உடைச்சு, உள்ள என்ன இருக்குன்னு என் கொள்ளுப்பேரனுக்குப் பாடம் நடத்தாத. சில மேக்னட்ரான்ல இருக்கிற பீங்கான்ல பெரிலியம் ஆக்சைடு உண்டு. அது பொடியாகி மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆகாது. அந்த டிரான்ஸ்ஃபார்மர எடுத்து மரப்பலகையில மின்னல் கோலம் போடுறதாவும் வீடியோ இருக்காம். அப்படிப் போட்டே செத்தவுக அமெரிக்காவுல நெறயப் பேரு. பெட்டிய முழுசாவே மின்கழிவு எடுக்கிற எடத்துலயோ, எக்ஸ்சேஞ்சு எடுக்கிற கடையிலயோ குடுத்துரு.

புதுசு வாங்கையில, ஆவி போக ஓட்ட வச்ச மைக்ரோவேவ் மூடி ஒண்ணும் சேத்து வாங்கு. சாம்பாரத் தொறந்தபடியே வச்சுச் சூடு பண்ணினா, புதுப் பெட்டியிலயும் மைக்கா கருகத்தான் செய்யும்.