‘வரலாம், வரலாம்’: பின்னால் வரும் காரில் பழி யாரைச் சேரும் என்பது குறித்த ஓர் ஆய்வு

கார் முன்னால் போவதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். வேகம், மைலேஜ், இழுவைத் திறன் என்று அதற்குத் தனிச் சொற்களும் தனி இதழ்களும் உண்டு. பின்னால் வருவதற்கு அப்படியோர் இலக்கியம் அமையவில்லை. சட்டமே அதை வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொண்ட செயலாகத்தான் நடத்தியது. யாருக்கும் ஆபத்தோ தேவையற்ற இடைஞ்சலோ நேராது என்று முதலில் உறுதி செய்துகொள்ளாமல் எந்த ஓட்டுநரும் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தக் கூடாது, வண்டியைத் திருப்புவதற்குத் தேவையான தூரத்துக்கு மேல் போகவும் கூடாது என்றன 1989ஆம் ஆண்டின் இந்தியச் சாலை விதிகள். தூரக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்ற ஒரே ஜீவன் ரோடு ரோலர். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றே என்பதைச் சட்டம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. மற்ற வண்டிகளுக்கு ‘உறுதி செய்துகொள்ளுதல்’ என்னும் கடமை மிஞ்சியது. அந்தக் கடமையை மனிதன் எப்படிச் செய்தான், கருவி இப்போது எப்படிச் செய்கிறது, கைமாறியதில் என்ன தொலைந்தது என்பவையே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: காரின் வசதிக் கருவிகள் நம் உழைப்பை வாங்கிக்கொள்கின்றன, பழியை நம்மிடமே விட்டுவிடுகின்றன. ஓட்டுபவருக்கு இவ்விரண்டில் எது பெருஞ்சுமை என்பதை அறிஞர் உலகம் இதுவரை எடைபோட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கருவிகள் வருமுன் இக்கடமையைச் செய்துவந்தவரை இக்கட்டுரை வரலாம்காரர் என்று குறிக்கும். அவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனாக இருக்கலாம், டீ குடித்துக்கொண்டிருந்த வழிப்போக்கராக இருக்கலாம், அதற்கென்றே காரிலிருந்து இறக்கிவிடப்பட்ட மைத்துனராகவும் இருக்கலாம். கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்ற தகுதி இப்பதவிக்கு என்றுமே இருந்ததில்லை. நியமன ஆணையும் கிடையாது. ரிவர்ஸ் கியர் விழும் சத்தமே போதும். டிக்கியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் பதவியேற்பு முடிந்தது. அதன்பின் “வரலாம், வரலாம்”, “ஃபுல்லா லெஃப்ட்ல ஒடிங்க”, “நேராக்குங்க”, “இன்னும் ஒரு சாண்” என்று வளர்ந்து “ஆங், போதும்” என்பதில் முடியும். இந்தப் ‘போதும்’ பல நேரங்களில் பம்பர் சுவரைத் தொட்ட பிறகே ஒலிக்கும் என்பது இத்துறையில் யாவரும் அறிந்ததே. அவர் சொல்லும் ‘லெஃப்ட்’ அவருடையதா, ஓட்டுநருடையதா, ஸ்டீயரிங்குடையதா என்பது நெடுங்காலமாகத் தீராத பாடபேதம். போதாக்குறைக்கு, எந்தக் கண்ணாடியிலும் தெரியாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேதான் நிற்பார். இத்தனைக்கும் நடுவே, சரியாகத் தெரியாவிட்டால் யாரையாவது வழிகாட்டச் சொல்லுங்கள் என்று பிரிட்டனின் நெடுஞ்சாலை நெறிநூல் தன் 202ஆம் விதியில் இந்தப் பதவிக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது.

தகவல் தரும் கருவியாக மட்டும் மதிப்பிட்டால் வரலாம்காரர் தேற மாட்டார். அப்படியிருந்தும் அவர் இத்தனை காலம் பதவியில் நீடித்த காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். கார் இடித்த அடுத்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, “பாத்துச் சொல்லக் கூடாதா?” என்கிறார். காருக்குள் இருக்கும் மனைவி, மாமனார், பிள்ளைகள் எல்லோருடைய பார்வையும் ஒருசேர வரலாம்காரர்மேல் பாய்கிறது. “நான் போதும்னு சொன்னேனே சார்” என்று அவர் முணுமுணுப்பார், அல்லது தலையைச் சொறிவார். பட்டறைக்காரருக்குப் பணம் கொடுப்பது ஓட்டுநர்தான். சட்டப்படியும் குற்றம் அவருடையதே. ஆனால் வசவு மட்டும் வெளியே போய்விட்டது. குடும்ப அமைதி என்னும் அரும்பொருள் கீறல் படாமல் காப்பாற்றப்பட்டது. வரலாம்காரர் ஆற்றிய உண்மையான சேவை இதுவே.

இனிக் கருவிகளுக்கு வருவோம். 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்கு வைத்த பியூக் செஞ்சூரியன் என்ற மாதிரிக் காரிலேயே பின்புறக் கேமராவும், ஓட்டுநர் முன்னால் ஒரு தொலைக்காட்சித் திரையும் இருந்தன. விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பெற மேலும் 35 ஆண்டுகள் ஆயின: 1991இன் டொயோட்டா சோரர், அதுவும் ஜப்பானில் மட்டும். அமெரிக்கா 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்புறக் கேமராவைக் கட்டாயமாக்கியது. இந்தியா 2019 ஜூலை 1 முதல் பார்க்கிங் சென்சாரைக் கட்டாயமாக்கியது. இந்தச் சென்சார், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது எதன்மேலாவது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. தூரம் குறையக் குறைய ‘பீப்’ நெருங்கி, கடைசியில் ஒரே கூவலாகிவிடும். பின்னால் இருப்பது சுவரா, ஸ்கூட்டரா, சித்தப்பாவா என்பதில் அதற்கு அக்கறை இல்லை. மெல்லிய கம்பியும் கயிறும் அதன் காதில் விழாமல் போகலாம் என்று காரோடு வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. கேமரா இந்த விஷயத்தில் மேல். அது படத்தையே காட்டிவிடுகிறது. கண்ணாடியில் பார்ப்பதைப் போலப் படத்தை இடவலம் மாற்றிக் காட்டுவதால் யாருடைய லெஃப்ட் என்ற பழைய பாடபேதமும் தீர்ந்தது. ஆனால் அகன்ற கோண லென்ஸ் எல்லாவற்றையும் உள்ளதைவிடத் தள்ளியே காட்டும். ஐப்பசி மழையில் சேறு தெறித்தால் எதையுமே காட்டாது.

இவை சில்லறைக் குறைகள். அடுத்த மாடலில் சரியாகிவிடும். சரியாகாத குறை ஒன்று இருக்கிறது. பல கார்களில் அந்தத் திரையின் ஓரத்திலேயே, சுற்றுப்புறத்தை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளவும் என்ற பொருளில் ஒரு வரி ஓடுவதைக் காணலாம். 1989ஆம் ஆண்டின் விதி ஓட்டுநர் தலையில் ஏற்றிய கடமையை, 30 ஆண்டுகளுக்குப் பிறகு கருவி அப்படியே அவர் தலையில் திருப்பி வைக்கிறது. வரலாம்காரர் எவரும் “நான் சொல்வதை நம்பாதீர்கள், நீங்களே இறங்கிப் பாருங்கள்” என்று முன்ஜாமீன் வாங்கியதில்லை. மேலும், கருவி வந்தபின் இடித்தலின் தன்மையே மாறிவிட்டது. முன்பு அது கண்ணுக்குத் தெரியாமல் நேர்ந்த விபத்து. இப்போது திரையில் காட்டியும், காதருகே கூவியும், அதையும் மீறிச் செய்த குற்றம். “கேமரா இருந்துமா இடிச்சீங்க?” என்ற கேள்விக்கு உலகின் எந்த மொழியிலும் கௌரவமான பதில் கிடையாது. பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். முன்பு வெளியே ஒரு குற்றவாளி இருந்தார். இன்று உள்ளே ஒரு சாட்சி இருக்கிறார்.

பரபக்கத்தார் இங்கே ஒரு கனமான ஆட்சேபத்தை எழுப்புவார்கள். பழியும் வசவும் கிடக்கட்டும். காரின் பின்னால் குழந்தை நின்றால் என்ன செய்வீர்கள் என்பார்கள். இதற்குக் கேலியாக விடை சொல்ல முடியாது. அமெரிக்கச் சட்டமே தன் தந்தை ஓட்டிய வண்டியின் பின்னால் சிக்கி இறந்த 2 வயதுக் குழந்தை ஒன்றின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பின்னோக்கி வரும் வண்டிகளால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 210 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2014இல் கணக்குச் சொன்னது. கேமரா வேண்டும்; அதில் இக்கட்டுரைக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆயினும் அதே துறையின் அதே கணக்கு, எல்லா வண்டிகளிலும் கேமரா வந்த பிறகும் காப்பாற்றப்படும் உயிர்கள் ஆண்டுக்கு 58 முதல் 69 வரை என்றே சொன்னது. படம் காட்டுவது கருவியின் வேலை. பார்ப்பதும் பிரேக்கை மிதிப்பதும் மனிதனின் வேலை. வரலாம்காரர் படம் காட்டுவதோடு நிற்கவில்லை. குழந்தையைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார், குறுக்கே நின்ற ஸ்கூட்டரை அவரே தூக்கி வைத்தார், மயிலாப்பூர் மாடவீதியில் பாய்ந்து வரும் ஆட்டோவை ஒற்றைக் கையை உயர்த்தி நிறுத்தினார். கருவி ஓட்டுநரை எச்சரிக்கிறது. அவர் ஊரை எச்சரித்தார்.

இன்னொரு ஆட்சேபம் தொழில்நுட்ப அன்பர்களிடமிருந்து வரும்: பழியையும் ஏற்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள் என்பார்கள். ஜெர்மனியில் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், 60 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஓட்டும் பணியைக் காரிடமே விட்டுவிடும் ஏற்பாட்டுக்கு 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது முன்னால் போவதற்கு; நம் ஆய்வெல்லைக்கு வெளியே. எல்லைக்குள் வரும் சான்று ஒன்று உண்டு. ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தின் பி 6 என்னும் கார் நிறுத்தக் கட்டடத்தில், ஓட்டுநர் இறங்கிப் போய்விட, பொருத்தமான மெர்சிடிஸ் கார் ஆளில்லாமல் தானே போய் நின்றுகொள்ளும் ஏற்பாட்டை 2022 நவம்பரில் ஜெர்மானிய அதிகாரிகள் அனுமதித்தார்கள். கருவிக்கட்சியின் மிகச் சிறந்த சான்று இது. அதன் உள்ளமைப்பைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்தக் கார் தன் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி நகர்வதில்லை; கட்டடத்தில் பொருத்தப்பட்ட சென்சார்கள் பாதையைக் கண்காணித்து, வரலாம் என்றும் போதும் என்றும் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. எல்லா வசதிகளுக்கும் பிறகு, வெளியே நின்று சொல்ல ஒருவர் வேண்டும் என்ற இடத்துக்கே பொறியியல் வந்து சேர்ந்திருக்கிறது. அவரைக் கட்டடத்தோடு சேர்த்துப் பொருத்திவிட்டார்கள், அவ்வளவுதான். கார் இடித்துவிட்டால் “பாத்துச் சொல்லக் கூடாதா?” என்று எந்தச் சுவரின் பக்கம் திரும்பிக் கேட்பது என்பது மேலாய்வுக்கு உரியது.