பாரூரில் ஓர் உலக மாநாடு

எங்கள் ஊரில் எனக்கு எழுத்தாளர் என்று ஒரு பெயர் உண்டு. காதுகுத்து, கிரகப்பிரவேசம், மாரியம்மன் திருவிழா என்று எந்த நோட்டீஸ் அடித்தாலும் பிழை பார்க்க என்னிடம்தான் வரும். தொழில் என்று கேட்டால் தென்னங்கன்று. அரசம்பட்டிக்குக் கன்று வாங்கப் போகிறவர்களில் வழி தப்பி பாரூருக்கு வந்துவிடுகிறவர்கள் என்னிடம் வாங்குவார்கள். ஆக, வழி தப்புகிறவர்களை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒருவரும் வழி தப்பாத நாட்களில் நாவல் படிப்பேன்.

நாவல் என்றால் மேடையில் மாலை போடுகிற வகை இல்லை. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிற வகை. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக் குடித்தே துப்பறிந்ததைப் படித்துவிட்டு நானும் நிறையக் குடித்துப் பார்த்தேன். தூக்கம்தான் போயிற்று, துப்பு வரவில்லை. அப்புறம் சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேந்திரன் வைஜயந்தி. சுபா என்பது இரண்டு பேர் என்று தெரிந்த அன்று, ஒரே பெண்ணுக்கு எழுதியதாக நினைத்து நான் போட்டிருந்த வாசகர் கடிதங்களை எண்ணி ஊரைவிட்டே ஓடிவிடலாமா என்றிருந்தது.

சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்த காலத்தில், கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி மத்தியானத்துக்குள் அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். போய் என்ன கேட்பது? ஒரு நல்ல கேள்வியை யோசித்து, எழுதி, அடித்து, திருத்திக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வு பெற்றுச் சென்னைக்குப் போனார். 2008-ல் உலகத்தைவிட்டே போய்விட்டார். கேள்வி இன்னும் இறுதி வடிவம் பெறவில்லை.

அதே 2008-ல்தான் சென்னையிலிருந்து பிளாஃப்ட் பதிப்பகம் நம் பாக்கெட் நாவல்காரர்களின் கதைகளையெல்லாம் ப்ரீதம் சக்ரவர்த்தியைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு தொகுப்பு போட்டது. ரொம்ப வருஷம் கழித்து என் பையன் அதை எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, "அப்பா, நீ படிக்கிறது நல்ல புக்காப்பா?" என்று கேட்டான். இங்கிலீஷில் வந்ததும் அப்பனுக்கும் கொஞ்சம் மரியாதை வந்தது. ஒரு வாரம் இருந்தது.

2020 வந்தது. பஸ் இல்லை, இ-பாஸ் இல்லாமல் மாவட்டம் தாண்ட முடியாது. போச்சம்பள்ளிச் சந்தை மூடிக் கிடந்தது. வழி தப்புவதற்கு முதலில் ஒரு வழி வேண்டுமே, கன்று வாங்க ஆளே வரவில்லை. ஓசூரில் வேலை பார்த்த பையன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். அவன்தான் ஒருநாள் சொன்னான்: உலக அறிவியல் புனைகதை மாநாடு இந்த வருஷம் இணையத்தில் நடக்கிறது, பாரூரிலிருந்தே பார்க்கலாம் என்று.

சாதாரண மாநாடு இல்லை அது. 1939-ல் நியூயார்க்கில் ஆரம்பித்தது. உலகப்போரில் 1942 முதல் 1945 வரை நின்றதோடு சரி, மற்றபடி வருஷம் தவறாமல் நடக்கிறது. 78-ஆவது மாநாடு நியூஸிலாந்தின் வெலிங்டனில் ஜூலை 29 முதல் ஆகஸ்டு 2 வரை என்று முடிவாகியிருந்தது. கொரோனா வந்ததும் மொத்தத்தையும் தூக்கி ஜூமிலும் டிஸ்கார்டிலும் போட்டுவிட்டார்கள். அந்த மாநாட்டின் சரித்திரத்தில் முழுக்க இணையத்தில் நடந்த முதல் கூட்டம் அதுதான். எழுதுகிறவனும் படிக்கிறவனும் ஒரே பந்தியில் உட்காருவது அங்கே வழக்கம். அங்கே தருகிற ஹியூகோ விருதுக்கு ஓட்டுப் போடுவதே உறுப்பினராகச் சேர்ந்த வாசகர்கள்தான். நடுவர் குழு, பொன்னாடை, மாவட்டச் செயலாளர் யாரும் கிடையாது.

உறுப்பினர் கட்டணத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்தோம். பார்த்துவிட்டு, மாற்றிப் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்டோம். விருது வழங்கும் விழா மட்டும் எல்லாருக்கும் இலவச ஒளிபரப்பு. அங்கே காலை பதினொரு மணி, இங்கே விடியற்காலை நாலரை.

ஆகஸ்டு ஒன்றாம் தேதி நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். வீட்டம்மா கண்ணைத் திறக்காமலே, "மூணு பேஸ் கரண்டு வந்துடுச்சா? மோட்டார் போடப் போறீங்களா?" என்றாள். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் ஆம்பிளை எழுந்தால் அதற்கு அது ஒன்றுதான் காரணம். "இல்ல, நியூஸிலாந்து" என்றேன். கண் திறந்துவிட்டது.

கூடத்தில் லைட் எரிவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அம்மாவுக்கு ஏதாச்சும்..." என்று இழுத்தார். உள்ளேயிருந்து எங்கள் அம்மா, "நான் நல்லாத்தான் இருக்கேன், உங்க வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று குரல் கொடுத்தாள். மனுஷன் கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் போனார்.

திரையில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதியவர், தொப்பி போட்ட பெரியவர். அவர்தான் நிகழ்ச்சித் தொகுப்பாளர். அந்தக் காலத்தில் யாருக்கு என்ன விருது, யார் கோபித்துக்கொண்டார், யார் எங்கே என்ன சாப்பிட்டார் என்று சொல்ல ஆரம்பித்தார். பால்காரர் வந்தார், பெரியவர் பேசினார். வாசல் தெளித்தார்கள், பேசினார். நான் குளித்துவிட்டு வந்தேன், இன்னும் அடுத்த விருதுக்கு வரவில்லை. விழா மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. எனக்கு இங்கிலீஷ் மூன்றில் ஒரு பங்குதான் புரியும் என்பதால் ஒரு மணி நேர விழாதான் பார்த்த கணக்கு, நஷ்டமில்லை.

எழுத்தாளர்கள் பெயரை அவர் தப்புத் தப்பாக உச்சரித்தார் என்று பின்னால் உலகம் முழுக்கச் சண்டையாகி, அவரே வருத்தம் தெரிவித்தார். நியாயமான சண்டை. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் தாய்மாமன் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டால் சும்மா விடுவோமா? சிறந்த நாவல் விருது ஆர்கடி மார்ட்டீனின் 'எ மெமரி கால்டு எம்பயர்' புத்தகத்துக்குக் கிடைத்தது. எழுந்து நின்று கைதட்டினேன். அதற்கு முன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

ஜெனட் இங் என்ற பெண்ணின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2019-ல் புது எழுத்தாளர் விருதை வாங்கும்போது, அந்த விருது யார் பெயரில் இருந்ததோ அந்த ஜான் கேம்பெல்லையே ஃபாசிஸ்ட் என்று மேடையில் ஏறித் திட்டியிருக்கிறார். விருதின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம், திட்டிய அந்தப் பேச்சுக்கே ஒரு ஹியூகோ. இதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். "நான் உங்கப்பனைப் பேசாத பேச்சா? ஒரு எவர்சில்வர் தம்ளர் குடுத்தாங்களா எனக்கு?" என்றாள்.

ஐரோப்பாக்காரர்களுக்கும் வெலிங்டன் நேரம் ஒத்துவராததால், அவர்கள் பந்தலுக்கு வெளியே 'கான்ஸீலண்ட் ஃப்ரிஞ்ச்' என்று தனிக்கடை போட்டு யூடியூபில் இலவசமாகப் பேசினார்கள். அடுத்த வருஷம் அந்தத் தனிக்கடையே ஹியூகோ இறுதிப் பட்டியலில் ஏறியது. அந்த யூடியூப் அரட்டையில் ஒரு நாள் துணிந்து நானும் தட்டினேன். எங்கள் மொழியில் ஜீனோ என்று ஒரு ரோபோ நாய் எண்பதுகளிலேயே ஆனந்த விகடனில் வாரா வாரம் பேசியது என்று சொல்ல வந்தேன். 'ரோபோ' என்ற வார்த்தைக்கு ஸ்பெல்லிங் சந்தேகம் வந்து அதை மட்டும் விட்டுவிட்டேன். யாரோ ஒருவர் இதயப் படம் போட்டு, என்ன ஜாதி நாய், தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று விசாரித்தார்.

இந்தச் சூடு ஆறுவதற்குள், ஒரு தமிழ் வாசகர் குழுவின் ஜூம் கூட்டத்துக்கு ஒரு துப்பறியும் எழுத்தாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. வாசகர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கலாமாம். பெயரைச் சொல்லமாட்டேன், என் காலத்து ஆள்.

இதற்காகவே நான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறேன். விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால், காவேரிப்பட்டணத்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடையிலிருந்து அவர் நாவல் ஒன்றை எடுத்து வந்தேன். ஏற்காட்டில் ஒரு பங்களா. பூட்டிய அறைக்குள் எஸ்டேட் முதலாளி பிணம். இளைய தாரம், மேனேஜர், டாக்டர், டிரைவர் என்று நாலு பேர் மேல் சந்தேகம். இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு, கொலையாளி இங்கேதான் நிற்கிறார் என்கிறார். அதோடு தாள் கிழிந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டேன். "அந்தத் தாளுக்கு நான் வாடகை வாங்கலையே" என்றார். அன்றிலிருந்து ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் அந்த ஹாலில்தான் போய் நிற்பேன். டிரைவர் மேல்தான் எனக்குக் கண்.

கூட்டத்துக்கு முகம் காட்ட வேண்டும், பின்னணி முக்கியம் என்றான் பையன். அந்த மாநாட்டில் பேசியவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி. என் முதுகுக்குப் பின்னால் உரக்கடைக் காலண்டரும் துணிக்கொடியும். சாக்கு மூட்டையில் இருந்த நாவல்களை எடுத்து, அட்டை தெரியும்படி ஷோகேஸில் வரிசையாக நிறுத்திவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். வருவதற்குள் அம்மா எல்லா அட்டையையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். "துப்பாக்கி வெச்சிருக்கா, தாவணி வெச்சிருக்காளா அவ?" என்று கேட்டாள். இத்தனைக்கும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' நாவலை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் படமாக எடுத்ததே, அதை டூரிங் கொட்டகையில் பார்த்து நம்பியார் போட்ட வேஷங்களை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்கிறவள். அவள் பார்த்தது சாமியார் படமாம்.

"பாரூர் அன்பர் கேட்கலாம்" என்றார்கள். ஏரி, நெடுங்கல் அணைக்கட்டு, தென்பெண்ணைத் தண்ணீர் என்று ஊர்ப் பெருமை சொல்லி ஆரம்பித்து, நாவலின் கதையை முழுக்கச் சொன்னேன். எழுத்தாளர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பூட்டிய அறை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹாலில் எல்லாரும் கூடியதும், "அப்புறம்?" என்றார்.

"அதைத்தான் சார் உங்களைக் கேக்கறேன்."

"பிரமாதமா இருக்கே. இது நான் எழுதினதா?" என்றார். மாசத்துக்கு நாலு நாவல் எழுதிய காலமாம், பிரதி கைவசம் இல்லையாம். ராஜேஷ்குமார் 1,500-க்கு மேல் எழுதியிருக்கிறார், அவரை எழுப்பிக் கேட்டாலும் இதே பதில்தான் வரலாம். நான் யாரையும் குறை சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொருவரைக் கைது செய்ய ஆரம்பித்தார்கள். ஒருவர் டாக்டர் என்றார். டொரான்டோக்காரர் வேறு ஏதோ நாவலின் முடிவைச் சொல்லி, அதைப் பாதி படித்துக்கொண்டிருந்த இன்னொருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் கீழே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த வீட்டம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்த நர்ஸ் பொண்ணுங்க. மூத்த தாரத்து மக அவ. மருந்து பாட்டில்ல கலந்துட்டா. ரூமை உள்பக்கம் பூட்டிக்கிட்டது செத்த ஆளேதான்."

மைக் திறந்தே இருந்தது. எழுத்தாளர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "ஆமா! ஆமா! யாருங்க அது, அவங்களைப் பேசச் சொல்லுங்க!"

ராயக்கோட்டையில் இவள் அண்ணன் வாராவாரம் வாங்கிப் போடுவாராம். இவள் அத்தனையும் கடைசித் தாளோடு படித்திருக்கிறாள். ஏன்டி இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க என்னைக்காவது கேட்டீங்களா? ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டுக் கிடந்தா, எங்கப்பா பாக்கி வெச்ச சீரை நெனச்சுக்கிட்டிருக்கீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

அதற்குள் பத்தாவது அத்தியாயத்தில் செத்தவன் பதினாலாவதில் எப்படி டீ குடித்தான் என்று வேறொரு நாவலைப் பற்றி அவரை இவள் விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். அவர் பவ்யமாக, "மறுபதிப்புல சரி பண்ணிடறேம்மா" என்றார். நடத்துகிறவர் என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் நகருங்க, அம்மா முகம் தெரியலை" என்றார். நகர்ந்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வாட்ஸப்பில் வந்தது. சிறப்புரை என்று இவள் பெயர், பெரிய எழுத்தில், நான் எடுத்த போட்டோவோடு. ஆகக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. கண்ணாடி போட்டுப் படித்தேன். தொழில்நுட்ப உதவி: கணவர்.