காட்டுக்குப் போகாமலே கேரவன் வாழ்க்கை

கேரவன் வண்டியில் காட்டோரம் போய்த் தங்குகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். கூரையில் சோலார் தகடு, சீட்டுக்கு அடியில் பேட்டரி, சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று நடுராத்திரி எழுந்து பார்க்கும் கவலை. இதற்காகப் பல லட்சம் போட்டு வண்டி வாங்குவானேன்? பெங்களூரில், ஏப்ரல் கடைசியில், ஒரு வாடகை வீடு போதும். சாயங்காலம் மழை பிடிக்கும், தெருமுனைக் குல்மோகர் ஒரு கிளையை மின்கம்பிமேல் சாய்க்கும், பக்கத்து வீட்டம்மா 'கரெண்ட் ஹோய்த்து' என்று அறிவிப்பார். பயணம் தொடங்கிவிட்டது.

முதலில் கணக்கு. வீட்டிலிருக்கும் யுபிஎஸ்ஸின் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கி வருவது 1800 வாட்-மணி. உடனே பூரித்துப் போக வேண்டாம். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அது சீக்கிரம் மண்டையைப் போடும். ஆக உங்கள் பங்கு 900தான். 75 வாட் பழைய ஃபேன் இரண்டு, நாலைந்து எல்இடி பல்பு, வைஃபை: நாலு மணி நேரம். கீசர் 2000 வாட். அது இருக்கும் பக்கமே திரும்பாதீர்கள். தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைப் போட்டால் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். அம்மிக்கு மறுவாழ்வு கொடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

ஃபேன் யார் அறையில் ஓடுவது என்ற கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. 30 வாட் பிஎல்டிசி ஃபேன் வாங்கிப் போடுங்கள். பழைய ஃபேன் ஒன்றுக்குச் செலவாகும் மின்சாரத்தில் இது இரண்டு ஓடும், மாமியாரும் தூங்குவார், நீங்களும் தூங்கலாம்.

அடுத்தது சார்ஜ். மூன்று மணி நேர இருட்டுக்குப் பிறகு கரெண்ட் வந்து, இருபது நிமிடம் தலைகாட்டிவிட்டு, மறுபடி போகும். 'அதான் இப்ப ஏறியிருக்குமே' என்பார் மாமனார். ஏறியதுதான்: 15 ஆம்பியர் வீதம் இருபது நிமிடத்துக்கு ஐந்து ஆம்பியர்-மணி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதிலும் கடைசிக் கால்பங்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு அளவே இல்லை. பச்சை விளக்கை நம்பாமல், பேட்டரி சும்மா இருக்கும்போது மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.7 என்றால் நிறைவு, 12.2க்கு இறங்கினால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம், சீரியலை நிறுத்தவும்.

பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு விஞ்ஞானி உண்டு. காவிரி சுத்தம் என்பார் ஒருவர், ஆர்ஓ போதும் என்பார் இன்னொருவர். ஏசியிலிருந்து சொட்டுவது டிஸ்டில்டு வாட்டரேதான் என்று வாதாடி, ஒரு வாளி பிடித்து ஊற்றிய மேதை நான். குழாயின் தூசும் உலோகமும் கூடவே உள்ளே போனது பேட்டரி செத்த பிறகுதான் புரிந்தது. கடையில் கேனில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆறு மூடியிலும், மிதவை காட்டும் அளவுக்கு. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். இடம் இல்லையென்று பேட்டரியைப் பூஜை அறையில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வாயு விடும், எதிரே விளக்கு எரியும். சாமி ஒரு தடவை பொறுப்பார்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு மின்சாரம் புதிதல்ல. பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்ரி ஐயர் முன்னின்று தொடங்கிய சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-இல் ஓடத் தொடங்கி, முதலில் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தது. 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கும் வந்தது. ஐயர் அதைப் பார்க்கவில்லை, 1901-லேயே காலமாகிவிட்டார். குல்மோகர் கிளையையும் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று, இது வேடிக்கை இல்லை. தீர்ந்துபோன பேட்டரியைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். அமிலத்தைத் தரையில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குவார்கள். புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள்.