மணலுக்கு இரண்டு எம்.பி.

அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்ட் வட்டாரத்தில், 1169இல் நார்மன் படை வந்திறங்கிய விரிகுடாக் கரையில், பானோ என்று ஓர் ஊர் இருந்தது. கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்க, துறைமுகம் தூர்ந்தது, சனங்கள் கிளம்பிப் போனார்கள், தெருக்கள் புதைந்தன. மிஞ்சியவை இடிந்த மாதா கோயிலும், கல்லறைகளும், இரண்டு எம்.பி.க்களும்.

ஆமாம், 1800 வரை டப்ளின் பாராளுமன்றத்துக்கு இந்த மணல்மேடு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. மனுக் கொடுக்க ஆளில்லை, எதிர்த்துக் கேட்க நாதியில்லை. இதைவிட ஒழுக்கமான தொகுதி எங்கே கிடைக்கும்? அதே நாட்டில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். அவர்களில் ஒருவர்கூட அந்த அவையில் உட்கார முடியாது. அவர்கள் கும்பிடப் போகும் கோயில் தப்பாம், கடல் கொட்டிய மணல் சரியாம்!

1801இல் அயர்லாந்தை பிரிட்டனோடு இணைத்தார்கள். டப்ளினில் இருந்த 300 இடங்கள் லண்டனில் 100 ஆகச் சுருங்கின. ஐயோ, தொகுதிகளைச் சொந்தச் சொத்தாக வைத்துப் பிழைத்த பிரபுக்களின் கதி? அரசாங்கத்தின் நெஞ்சு உருகியது. ஒழிக்கப்பட்ட தொகுதி ஒன்றுக்கு 15,000 பவுண்ட் நஷ்டஈடு! பானோவுக்கும்தான். அதன் சொந்தக்காரர்களான ஈலி பிரபுவும் சார்லஸ் டாட்டன்ஹாமும் வாங்கிக்கொண்டார்கள். இப்படி 84 தொகுதிகளுக்கு 12 லட்சத்து 60 ஆயிரம் பவுண்ட். அது யார் தலையில்? அயர்லாந்தின் கடன் கணக்கில். திருடனிடமிருந்து பொருளைப் பிடுங்கினால், பறிகொடுத்தவன் திருடனுக்குத் தண்டம் அழ வேண்டும். சட்டம் அப்படி.

தப்பிப் பிழைத்த தொகுதிகளின் லட்சணத்தையும் பாருங்கள். போர்ட்டார்லிங்டனில் வாக்காளர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர். 1819இல் அங்கே 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' பொருளாதார மேதை டேவிட் ரிக்கார்டோ. நிலப்பிரபுவின் நலன் மற்ற எல்லோருடைய நலனுக்கும் எதிரானது என்று எழுதிய அதே ரிக்கார்டோதான். ஊர்ப் பேரைத் தன் பட்டமாகவே வைத்திருந்த நிலப்பிரபுவிடம் 4,000 பவுண்ட் கொடுத்து, கூடவே 25,000 பவுண்ட் கடனும் தந்து, இடத்தைப் பிடித்தார். தொகுதிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. 1823இல் சாகும்வரை உறுப்பினர். அவையில் எழுந்து இரகசிய வாக்குமுறை வேண்டும் என்று வாதாடியும் இருக்கிறார். கெட்டிக்காரர், தன் தேர்தலில் மறைக்க என்ன இருந்தது? விலை மட்டும்தான்.

1832இல் இங்கிலாந்திலும் இப்படிப்பட்ட 56 தொகுதிகளை ஒழித்தார்கள். அங்கேயும் பிரபுக்கள் குமுறினார்கள், சொத்து போயிற்று என்று கத்தினார்கள். ஒரு பென்னி நஷ்டஈடு தரப்படவில்லை. லண்டனின் வள்ளல்தன்மை எல்லாம் அயர்லாந்துக்காரன் கணக்கில் எழுதும்போது மட்டும்தான்.