ஆகஸ்டில் தோற்காத அணி

அமெரிக்கக் கால்பந்து என்பது பெயரளவில்தான் கால்பந்தே ஒழிய, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி முட்டி மோதி ஓடும் ஆட்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். அந்நாட்டுத் தேசியக் கால்பந்து லீக்கின் 32 அணிகளுள் ஒன்றான கிளீவ்லாந்து பிரவுன்ஸ் கடைசியாக வாகை சூடியது 1964இல். லீக்கின் மாபெரும் இறுதிப் போட்டியாகிய சூப்பர் பவுல் தொடங்கியதோ 1967இல். அன்று முதல் இன்றுவரை அந்தப் போட்டியில் ஒருமுறைகூட அவ்வணி கால் வைத்ததில்லை. ஈரி ஏரிக்கரையில் வாழும் அதன் ரசிகர்கள் இதனை மற்ற பதினொரு மாதங்களிலும் நன்கு நினைவில் வைத்திருக்கின்றனர். ஆகஸ்டில் மட்டும் மறந்துவிடுகின்றனர்.

இம்மறதிக்கு உரமிடுபவை முன்பருவ ஆட்டங்கள், அதாவது செப்டம்பரில் லீக் தொடங்குமுன் நடைபெறும், எந்தக் கணக்கிலும் சேராத ஒத்திகை ஆட்டங்கள். முதல்தர வீரர்கள் காயத்துக்கு அஞ்சிச் சிறிது நேரம் தலைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, 53 பேர் கொண்ட இறுதிப் பட்டியலில் எப்படியாவது ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் புதுமுகங்களே மிச்ச நேரமெல்லாம் உயிரைக் கொடுத்து ஆடுவதால், இவற்றில் கிட்டும் வெற்றி எந்த அணியின் கடைசி வரிசைக்காரருக்கு வேலை அதிகம் தேவைப்பட்டது என்பதைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லை. 2017இல் பிரவுன்ஸ் நான்கு ஒத்திகை ஆட்டங்களிலும் வென்றது; பின்னர் வந்த பதினாறு லீக் ஆட்டங்களிலும் தோற்றது. 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணியும் இதே நான்குக்கு நான்கு, பதினாறுக்குச் சுழியம் என்னும் கணக்கை அச்சுப் பிசகாமல் நிகழ்த்திக் காட்டியிருந்தது. பதினாறையும் தோற்ற அணிகள் லீக் வரலாற்றில் இவ்விரண்டுதான் என்பதையும், இரண்டுமே அந்தந்த ஆண்டின் ஆகஸ்டில் தோல்வி காணாதவை என்பதையும் சேர்த்துப் பார்க்கும் ரசிகர், ஒத்திகையில் தன் அணி தோற்றால்தான் நிம்மதியடைய வேண்டும். எவரும் அப்படி நிம்மதியடைந்ததாகத் தெரியவில்லை.

நம்பிக்கையின் மற்றோர் ஊற்று டிராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் வசந்தகால ஏற்பாடு. கடைசியில் வந்த அணிக்கே முதல் தெரிவு என்பது விதி. அணிகளிடையே சமநிலை பேணும் நல்லெண்ணத்தில் பிறந்த இவ்விதியின் தயவால், எவ்வளவுக்கெவ்வளவு தோற்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு எதிர்காலம் ஒளிமயமானது என்னும் விசித்திரமான பொருளாதாரம் கிளீவ்லாந்தில் நிலைபெற்றுவிட்டது. பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்கே அணியின் மூளை. 1999இல் முதல் தெரிவாக வந்த டிம் கவுச் நிலைக்காது போகவே, 2007இல் பிராடி குவின், 2012இல் பேஸ்பால் ஆடிப் பார்த்துவிட்டு 28 வயதில் வந்து சேர்ந்த பிராண்டன் வீடன், 2014இல் ஜானி மான்சியல் என மூவர் கொண்டுவரப்பட்டனர். மூவருமே சொல்லிவைத்தாற்போல் 22ஆவது தெரிவு. அந்த எண் ராசியில்லாதது என்று எடுத்துச்சொல்ல ஒரு சோதிடர்கூட அருகில் இல்லாமற் போனது நிர்வாகக் குறைபாடென்றே கொள்ளத்தக்கது. ரசிகர் ஒருவர் கவுச்சின் 2ஆம் எண் சட்டையைக் சாளரக் கண்ணாடிக்குப் பின்னே தொங்கவிட்டு, முதுகிலிருந்த பெயரை அடித்து, ஒட்டுநாடாவில் அடுத்தவர் பெயரையும், பிறகு அதையும் அடித்து அதற்கடுத்தவர் பெயரையும் எழுதிக்கொண்டே போனதில், ஒரு கட்டத்தில் சட்டை போதவில்லை. ஆட்கள் வருவது நிற்கவில்லை.

இலவு காத்த கிளியாவது பஞ்சு பறந்ததும் வேறு மரம் தேடிப் போயிருக்கும். இங்கோ, 1995ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அணியின் உரிமையாளர் மரத்தையே பெயர்த்து பால்டிமோருக்குக் கொண்டுபோனார். அங்கே ரேவன்ஸ் என்று பெயர் மாறிய அவ்வணி ஐந்தாவது பருவத்திலேயே சூப்பர் பவுலை வென்றது. கிளீவ்லாந்து ரசிகர்களோ பழைய பெயரையும் நிறத்தையும் வரலாற்றையும் போராடித் தக்கவைத்து, மூன்றாண்டு காத்திருந்து, 1999இல் புதிய பிரவுன்ஸைப் பெற்று, நாய் முகமூடி அணிந்து குரைப்பதற்குப் பேர்போன டாக் பவுண்ட் என்னும் தம் அரங்கப் பகுதிக்குத் திரும்பினர். பதினாறு தோல்விக்குப் பின் 2018 ஜனவரியில், எலும்பை உறையவைக்கும் குளிரில், ஆயிரக்கணக்கானோர் அரங்கைச் சுற்றிச் சுழிய வடிவில் ஊர்வலம் வந்ததும் இவர்களே. 2016இல் ஒரேயோர் ஆட்டத்தில் மட்டும் வென்ற நிலை மீண்டும் நேர்ந்தால் ஏரியில் குதிப்பதாகச் சொல்லியிருந்த பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன், நேர்ந்தது அதனினும் மோசம் என்பதால், ஜூன் மாதத்தில் வாக்குத் தவறாமல் குதித்தார். அடுத்த ஆகஸ்டில் அனைவரும் மீண்டும் நம்பினர்.

இந்நம்பிக்கையின் ஆயுள் பெரும்பாலும் லீக்கின் தொடக்க ஆட்டத்துடன் முடிந்துவிடும். 2005 முதல் 2021 வரை அந்த ஆட்டத்தில் பிரவுன்ஸ் வென்றதே இல்லை, 2018இல் சமன் செய்ததே அக்காலத்தின் உச்ச சாதனை. 2022இல் ஒருவழியாக அந்தத் தடை உடைந்தது: கரோலைனா பேந்தர்ஸுக்கு எதிராக, ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்கையில், கேட் யார்க் என்னும் புதுமுக வீரர் 58 கெஜ தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து 26க்கு 24 என வெற்றி தேடித் தந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஒத்திகை ஆட்டங்களில் குறி தவறியதைத் தொடர்ந்து, அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டார்.